கேட்டுவிட்டுச் செய்தவள்

மின்விசிறி போடுவதற்கு ஒவ்வோர் ஆளிடமும் ஒப்புதல் கேட்ட ஒரே மனுஷி, நான் பார்த்த வரையில், அவள்தான். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு குடைக்கடையின் மாடி. பங்குனி மாத மத்தியானம், தலைக்கு மேல் தகரக் கூரை. வட்டமாகப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகளில் நாங்கள் வெந்துகொண்டிருந்தோம். அவள் சுவிட்சின் மேல் விரலை வைத்தபடி ஒவ்வொருவர் முகமாகப் பார்த்து, "ஃபேன் போடலாமா?" என்று கேட்டாள். எல்லோரும் தலையாட்டினோம். மூலையில் இருந்த பழைய பஸ் கண்டக்டர் மட்டும், "வேண்டா. அதுக்குள்ள இருந்து ஆளு பேசுது," என்றார். அவள் உடனே விரலை எடுத்துவிட்டாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒரு ஆளுக்காக நாங்க அத்தனை பேரும் அவியணுமாக்கும்?" என்று சத்தமாகவே கேட்டேன். அன்றுதான் முதல் நாள், அவள் யாரென்றே எனக்குத் தெரியாது. என் பக்கம் திரும்பி, "நீங்க சொல்றதும் செரிதான்க்கா. அவருக்குப் பயம், உங்களுக்குப் புழுக்கம். என்ன செய்யலாம்னு சேந்து யோசிக்கலாமா?" என்றாள். அதுவும் ஒரு கேள்வி. கடைசியில் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டுபோய் மாடிப்படிக்கு வெளியே காற்றோட்டமாகப் போட்டு உட்கார்ந்தோம். இந்தப் பெண்ணிடம் எப்படி இரண்டு மணி நேரம் தள்ளுவது என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அது மனநோயில் விழுந்து எழுந்தவர்களுக்கு ஒரு டிரஸ்ட் நடத்திய வகுப்பு. பாடம் எடுப்பவரும் விழுந்து எழுந்தவராகத்தான் இருக்க வேண்டும். டாக்டர் கிடையாது, கவுன்சிலர் கிடையாது. தூக்கம் கெடப்போவதை முன்கூட்டியே எப்படிக் கண்டுகொள்வது, மாத்திரையால் உடம்பு ஊதினால் டாக்டரிடம் எப்படி வாயைத் திறப்பது, வேலைக்கான நேர்முகத்தில் "இந்த ரெண்டு வருஷம் எங்கே இருந்தீங்க?" என்று கேட்டால் என்ன சொல்வது, இதெல்லாம் பாடம். சனிக்கிழமைதோறும் நடக்கும். டிரஸ்ட் அவள் கழுத்தில் "பியர் எஜுகேட்டர்" என்று ஓர் அட்டையைத் தொங்கவிட்டிருந்தது. நாங்கள் அவளுக்கு வைத்த பெயர் "கேக்கலாமா".

நான் வங்கியில் கேஷ் கவுண்டரில் இருந்தவள். ஒரு நாள் காலையில் கட்டிலை விட்டு எழுந்திருக்க முடியாமல் போய், அது மாதக்கணக்கில் நீண்டு, விருப்ப ஓய்வில் முடிந்தது. நாகர்கோவில்காரி, கரமனையில் வாழ்க்கைப்பட்டவள். ஐம்பதைத் தாண்டிய பிறகு என்னைவிட ரொம்பச் சின்னவளிடம் பாடம் கேட்க வேண்டியிருக்கிறதே என்ற கடுப்பு எனக்கு. என் வீட்டுக்காரர் ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். போகிறாயா என்று என்னிடம் அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சில வாரம் கழித்து வகுப்பில் எனக்கு அழுகை வந்துவிட்டது. காரணம் ஒன்றும் பெரிதில்லை, யாரோ இட்லி மாவு அரைப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் இருந்தவர்கள் கட்டிப்பிடிக்க எழுந்து வந்தார்கள். அவள் கையைக் காட்டி அவர்களை நிறுத்தினாள். என் முன்னால் குனிந்து, "அக்கா, தோள்ல கை வைக்கட்டுமா?" என்று கேட்டாள். "வேண்டாம்," என்று எரிந்து விழுந்தேன். "செரி," என்று சொல்லிவிட்டு எதிரில் தரையில் உட்கார்ந்துகொண்டாள். நான் அழுது முடிக்கும் வரை அப்படியே இருந்தாள்.

நோய் வந்த நாளிலிருந்து நான் சொன்ன ஒரு "வேண்டாம்" கூட யார் காதிலும் ஏறியதில்லை. கஞ்சி வேண்டாம் என்றால் வாயில் ஊட்டினார்கள். ஆட்களைப் பார்க்க வேண்டாம் என்றால் சொந்தக்காரர்களைக் கூட்டிவந்து கட்டிலைச் சுற்றி உட்காரவைத்தார்கள். எல்லாம் உன் நல்லதுக்குத்தான் என்றார்கள். அன்றைக்கு என் "வேண்டாம்" முதல் தடவையாக ஒரு கையை நிறுத்தியது. அன்று முதல் அவள் என்றால் எனக்கு உயிர். அதை அவளிடம் நான் சொன்னதில்லை, என் வாய்க்கு அதெல்லாம் வராது.

அதற்காக எரிச்சல் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அவளோடு தெருவில் நடப்பது பெரும்பாடு. பஸ்ஸில் ஜன்னலைத் திறக்க முன் சீட்டு, பின் சீட்டு எல்லாரிடமும் கேட்பாள். குடைக்கடை வாசலில் படுத்திருக்கும் பூனையிடம், "கொஞ்சம் நகருவியா?" என்று கேட்டுவிட்டு அதன் முகத்தையே பார்த்து நிற்பாள். பூனை எப்போது பதில் சொல்வது, நாம் எப்போது படியேறுவது? வகுப்பில் யாருக்கும் புத்திமதி சொல்ல மாட்டாள். "எனக்கு என்ன நடந்ததுன்னு சொல்லட்டுமா? உங்களுக்கு உபயோகப்பட்டா எடுத்துக்குங்க," என்பாள். டிரஸ்டின் செக்ரட்டரி ஒரு தடவை போட்டோ எடுக்க ஆளோடு வந்தார். எங்களில் இரண்டு பேர் வேண்டாம் என்றதும், காமிராக்காரரை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். செக்ரட்டரிக்கு முகம் கறுத்துப்போனது. எனக்கு அன்றைக்கு ரொம்பச் சந்தோஷம்.

ஒரு நாள் அந்த மாடிப்படியில், வகுப்புக்கு வந்த ஓர் அம்மாவுக்குக் கால் தடுமாறியது. மாத்திரை மயக்கம். இவள் ஒரு படி கீழேதான் நின்றாள். கையை நீட்டினாள், தொடவில்லை. "பிடிக்கட்டுமாம்மா?" என்று கேட்டாள். கேட்டு முடிப்பதற்குள் அந்த அம்மா கீழே உருண்டு கணுக்காலைச் சுளுக்கிக்கொண்டாள். எல்லோரும் போன பிறகு நான் பிடிபிடியென்று பிடித்தேன். "ஒனக்குக் கிறுக்கா பிடிச்சிருக்கு? விழுகிறவகிட்ட யாராவது பெர்மிஷன் கேப்பாளா?" எங்களுக்குள் கிறுக்கு என்ற வார்த்தைக்குத் தடையில்லை. அவள் தன் இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். "தெரியுதுக்கா. ஆனா கை போகமாட்டேங்குது," என்றாள்.

அந்தக் கை ஏன் அப்படி ஆனது என்பதை அவளே வகுப்பில் ஒரு பாடமாகச் சொன்னாள். கிழக்கேகோட்டையை ஒட்டிய சாலைக் கடைத்தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கும் திருநெல்வேலிக் குடும்பம் அவளுடையது. அப்பா காலமான பிறகு அண்ணன்தான் எல்லாம். ஊருக்கு வெளியே கழக்கூட்டம் பக்கம் ஒரு சாஃப்ட்வேர் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு, ஆபீஸ் கம்ப்யூட்டர் தன்னைப் படம் பிடிக்கிறது என்று தோன்ற ஆரம்பித்தது. அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள். டாக்டர் என்றாலே கத்தினாள். அப்புறம் மெதுவாக, தானாகவே தெளிந்தது. தலையைச் சீவிக்கொண்டு வெளியே வந்தாள், வேலைக்குத் திரும்பினாள். நோயைத் தன் மனவலுவால் வென்றுவிட்டோம் என்று அவளுக்கு உள்ளூர ஒரு பெருமை இருந்ததாம்.

பிறகு சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. பந்தியில் அண்ணன் உட்கார்ந்திருந்தார். இவள் பாயசம் விளம்பிக்கொண்டிருந்தாள். யாரோ இவளைப் பார்த்து, பிள்ளை நல்லாத் தேறிட்டாளே என்றதும், அண்ணன் சிரித்துக்கொண்டு, "எல்லாம் எங்க வீட்டுப் பாலோட மகிமை. ராத்திரி பால்ல மாத்திரையைப் பொடிச்சுப் போட்டுக் குடுத்தேன். ஒரு வருஷம்! இன்னைக்கு வரைக்கும் இவளுக்கே தெரியாது," என்றாராம். பந்தி முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த இலைக்குப் பாயசம் விட்டாளாம்.

"அண்ணன் என் நல்லதுக்குத்தான் செஞ்சான். நான் நல்லாவும் ஆயிட்டேன். மாத்திரை மேல எனக்குக் கோவமே இல்ல," என்று சொல்லி, கைப்பையிலிருந்து தன் மாத்திரையை எடுத்து எங்கள் எல்லோர் முன்னாலும் விழுங்கினாள். எப்போதும் அப்படித்தான் விழுங்குவாள், வகுப்பின் நடுவில், ஒளிவு மறைவில்லாமல். "ஆனா அந்த ஒரு வருஷத்துல எது நான், எது பாலுன்னு எனக்குத் தெரியல. வேலைக்குத் திரும்பிப் போகணும்னு ஒரு நாள் நெனச்சேனே, அதை நெனச்சது நானா, பாலா?"

அந்த வளைகாப்புக்குப் பிறகு அவள் யார் கொடுத்ததையும் சாப்பிட்டதில்லை. அதே வீட்டின் மாடியறையில் தனி அடுப்பு வைத்துத் தானே பொங்கித் தின்றாள். வகுப்பில் நாங்கள் கொடுக்கும் பிஸ்கட்டைக் கூடத் தொடமாட்டாள். தனக்கு நடந்ததை இன்னொருத்தருக்கு நடத்தமாட்டேன் என்பது மட்டும்தான் அவளிடம் இருந்த ஒரே சொத்து என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

மேலே கடவுள் இருக்கிறாரோ இல்லையோ, குசும்பு பிடித்த ஆள் ஒருவர் நிச்சயம் இருக்கிறார். இல்லாவிட்டால் அடுத்து அந்த அண்ணனுக்கே நோய் வருமா? முதலில் தூக்கம் போயிற்று. கடைக்கு மூன்று கிளை திறக்கப்போகிறேன் என்று லாரி லாரியாக வெண்கல உருளியும் விளக்கும் இறக்கினார். பிறகு பெண்டாட்டி மேல் சந்தேகம். சாப்பாட்டில் எதையோ கலக்கிறாள் என்று தட்டை வீசி எறிந்தார். ஹோட்டல் சாப்பாட்டையும் தொடவில்லை. கலக்க முடியும் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும், அவரே செய்த வேலைதானே. மூன்று நாளாகப் பச்சைத் தண்ணீரோடு கிடந்துவிட்டு, கடைசியில் ஒன்று சொன்னார்: "எந் தங்கச்சி கையால குடுத்தா சாப்பிடுதேன். அவ ஒருத்திதான் கேக்காம ஒண்ணும் செய்யமாட்டா."

அப்படித்தான் அவள் மாடியிலிருந்து இறங்கிவந்து அண்ணனுக்குச் சமைக்க ஆரம்பித்தாள். தினமும் சோற்றோடு மாத்திரையையும் தனியாக ஒரு கிண்ணத்தில் வைத்து, "அண்ணே, மாத்திரை தரட்டுமா?" என்று கேட்டாள். அவர் தினமும் வேண்டாம் என்றார். அவள் தினமும் எடுத்து உள்ளே வைத்தாள்.

ஒரு சனிக்கிழமை அவளுடைய மைனி, அண்ணன் மனைவி, வகுப்பு முடியும் நேரத்தில் படியேறி வந்தாள். உதட்டோரத்தில் வீக்கம் இருந்தது. நானும் அங்கேயே நின்றேன், போகச் சொன்னால் போகலாம் என்று. யாரும் சொல்லவில்லை.

"டாக்டர் சொட்டு மருந்து எழுதிக் குடுத்திருக்காரு," என்றாள் மைனி. "நெறமும் கெடையாது, ருசியும் கெடையாது. எங் கையால குடுத்தா தொடமாட்டாரு. ஒங் கையாலன்னா சாப்பிடுவாரு. ரெண்டு சொட்டுத்தான்."

"மைனி, அதை மட்டும் எங்கிட்டச் சொல்லாதீங்க. நான் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்."

"கேட்டா சரின்னு சொல்லிருவாராக்கும்?"

"சொல்ற வரைக்கும் கேக்கேன்."

"அதுவரைக்கும் நானும் எம் புள்ளையும் என்ன செய்ய? நீ நல்லவளாவே இரி. அடி வாங்குறது நானுல்லா."

மைனி சேலைத் தலைப்பால் உதட்டை ஒற்றிக்கொண்டு இறங்கிப் போனாள். நான் என் பங்குக்கு, "ஆஸ்பத்திரிக்காவது கூட்டிட்டுப் போங்க மக்ளே. வரமாட்டேன்னா நாலு பேரு பிடிச்சு ஏத்துங்க," என்றேன். "நாலு பேரு கையையும் காலையும் பிடிச்சுத் தூக்கும்போது அவன் என் முகத்தைப் பாப்பானேக்கா," என்றாள். எனக்குக் கோபம் தலைக்கேறியது. அப்போ கேட்டுக்கிட்டே இரு, அந்த வீட்ல ஒரு எழவு விழட்டும் என்று சொல்லிவிட்டு நானும் இறங்கிப் போனேன். அவள் பக்கம்தான் நியாயம் என்றும் தோன்றியது, அந்த வீங்கிய உதட்டைப் பார்த்த பிறகு அது நியாயமில்லை என்றும் தோன்றியது.

அடுத்த வாரம் அண்ணன் பொன்முடியில் எஸ்டேட் வாங்கப்போவதாகச் சொல்லி, பள்ளிக்கூடத்திலிருந்து வந்த மகளை யூனிஃபாரத்தோடு காரில் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார். மலைப்பாதையில் ஒரு கொண்டை ஊசி வளைவில் கார் சுவரில் மோதி நின்றது. சுவர் இல்லாத வளைவுகளும் அங்கே உண்டு. தேயிலைத் தோட்டத்து ஆட்கள் இருவரையும் மலையிலிருந்து கீழே கொண்டுவந்துவிட்டார்கள். பெண்ணுக்கு நெற்றியில் தையல் போட்டார்கள். அண்ணனுக்கு ஒரு கீறல் கூட இல்லை. வீட்டுக்கு வந்ததும், "ரோடு சரியில்ல, நாளைக்கு வேற வழியாப் போவோம்," என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாராம்.

அதற்கடுத்த சனிக்கிழமை, கோட்டை பஸ் நிறுத்தத்தில் கரமனை பஸ்ஸுக்காக நின்ற என்னிடம் அவள் வந்தாள். "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லட்டுமா? சொன்னா நீங்களும் அதைச் சுமக்கணும். வேண்டாம்னா விட்டுருதேன்," என்றாள். சொல் என்றேன்.

"ரசத்துல விட்டேன்க்கா."

என் பஸ் வந்து நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. அவள் தொடர்ந்து பேசினாள். "அன்னைக்கும் கேட்டேன். மாத்திரை தரட்டுமான்னேன். வேண்டாம்னான். செரின்னு உள்ள வந்து, ரசத்துல விட்டுக் கலக்கி, கொண்டுவந்து, ஊத்தட்டுமா அண்ணேன்னு கேட்டேன். ஊத்துன்னான்." அவள் அழுதிருந்தால் எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கும். அவள் அழவில்லை. "நீ செஞ்சது சரிதான்," என்றேன், மனசாரத்தான் சொன்னேன். "சரிதான்க்கா. அதுதான் கஷ்டமா இருக்கு," என்றாள்.

மருந்து வேலை செய்தது. இரண்டு மாதத்தில் அண்ணன் தூங்கினார், கடைக்குப் போனார், உருளிகளைத் திருப்பி அனுப்பினார். மகளை மடியில் வைத்துக்கொண்டு அழுதாராம். நோய் வந்தது என்பதை அவர் ஒத்துக்கொண்டார். மருந்து சாப்பிடுகிறோம் என்பதுதான் அவருக்குத் தெரியாது. இவளும் விடாமல் தினமும் மாத்திரைக் கிண்ணத்தை நீட்டிக் கேட்டாள். "நாந்தான் நல்லாயிட்டேனே, இனி எதுக்கு?" என்று அவர் சிரித்தார். சொல்லிவிட்டால் அவர் இனி யார் கையாலும் ஒரு பருக்கை சாப்பிடமாட்டார், பெண்ணை மறுபடியும் காரில் ஏற்றுவார். சொல்லாமல் இருந்தால் அவள் அவள் இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் சனிக்கிழமைதோறும் வந்து பாடம் எடுத்தாள். மின்விசிறி போடலாமா என்று கேட்கும்போது அவள் குரல் கம்மியிருப்பது எனக்கு மட்டும் கேட்டது.

அடுத்த பங்குனியில் டிரஸ்டின் ஆண்டு விழா வந்தது. வாடகை ஹால், மேடையில் பூச்செடி, எங்கள் எல்லோருக்கும் கழுத்தில் அட்டை. செக்ரட்டரி எங்கிருந்தோ விஷயம் கேள்விப்பட்டு அண்ணனை மேடைக்கு அழைத்திருந்தார். அவளிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் வெள்ளை வேட்டி சட்டையில் ஏறி மைக்கைப் பிடித்தார்.

"எனக்கு வந்தது சாதாரண சீக்கு இல்ல. எம் பொண்டாட்டி கூட என்னை ஏமாத்திருவான்னு நெனச்சேன். எந் தங்கச்சி ஏமாத்தல. டெய்லி கேட்டா, மாத்திரை வேணுமா அண்ணேன்னு. டெய்லி வேண்டாம்னேன். ஒரு நாளும் கட்டாயப்படுத்தல. ஒத்த மாத்திரை முழுங்காம, அவ கேட்ட அந்தக் கேள்வியிலேயே நான் தெளிஞ்சேன்." மேடையிலிருந்தே அவளைக் கைநீட்டிக் காட்டினார். "அவளுக்கு நான் ஒரு காலத்துல துரோகம் செஞ்சேன். அவ எனக்குத் திருப்பிச் செய்யல."

ஹாலே எழுந்து நின்று கைதட்டியது. செக்ரட்டரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வருஷப் பயிற்சியில் இந்தக் கதையைச் சேர்க்கப்போவதாக அறிவித்தார். அவளை மேடைக்கு இழுத்து ஒரு பொன்னாடை போர்த்தினார்கள். போர்த்தும்போது அவள் கைகள் இரண்டும் தொங்கிக்கொண்டிருந்தன. நான் கைதட்டவில்லை. பக்கத்தில் இருந்த பெண், பொறாமை பிடித்தவள் என்பது போல என்னைப் பார்த்தாள்.

அடுத்த சனிக்கிழமை கண்டக்டர் கேட்டார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் செய் என்று அவள்தானே சொல்லிக்கொடுத்திருந்தாள். "மோளே, அண்ணன் மருந்து இல்லாமத்தானே சுகமானாரு? அப்போ நானும் மாத்திரையை நிறுத்தட்டா?"

"நிறுத்தாதீங்க சேட்டா. நிறுத்தணும்னா டாக்டர்கிட்டப் பேசுங்க."

"அண்ணனுக்கு மட்டும் எப்படி?"

அவள் எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். என் மேல் பார்வை ஒரு கணம் நின்றது. நான் தலையைக் குனிந்துகொள்ளவில்லை.

"அதைக் கேக்காதீங்க," என்றாள்.

கண்டக்டர் முகம் சுருங்கிவிட்டது. அந்த மாடியில் அப்படி ஒரு பதிலை யாரும் யாருக்கும் சொன்னதில்லை. "மருந்தை விட எனக்குத் தைரியம் இல்லன்னு மோளு நெனைக்குது போல," என்று படியிறங்கும்போது யாரிடமோ சொன்னார். அவர் மாத்திரையை நிறுத்தினார். மழைக்காலம் தொடங்குவதற்குள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். வீட்டில் இருந்த ஃபேன்களையெல்லாம் கழற்றிக் கிணற்றில் போட்டிருந்தார்.

அதைக் கேட்ட அன்றே அவள் கழுத்து அட்டையை செக்ரட்டரியின் மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். சொந்தக் காரணம் என்று சொன்னாளாம். இப்போது இன்னொருவர் பாடம் எடுக்கிறார். கெட்டிக்காரர், படங்கள் போட்டு விளக்குகிறார், வந்ததும் ஃபேனைத் தட்டிவிடுகிறார். பயிற்சியில் அவள் கதையைச் சொல்லும்போது அவருக்குக் குரல் தழுதழுக்கும். நான் அந்த நேரத்தில் எழுந்து வெளியே போய்விடுவேன்.

ஓணம் முடிந்த பிறகு ஒரு நாள், அவளைத் திரும்ப அழைத்துவருவது என்று முடிவு கட்டிக்கொண்டு சாலைக் கடைத்தெருவுக்குப் போனேன். கடைக்குப் பின்னால் சந்தில் வீடு. அண்ணன்தான் கதவைத் திறந்தார். கன்னம் உப்பி, ஆள் தெளிச்சமாக இருந்தார். "வாங்கக்கா, நல்ல நேரத்துல வந்தீங்க, சாப்பிட்டுட்டுத்தான் போகணும்," என்று கையைப் பிடித்து உட்காரவைத்தார். மைனி வந்து தண்ணீர் வைத்தாள். என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள். நான் தேடிவந்தவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். மெலிந்திருந்தாள்.

"நான் இப்போ வெளியில பச்சத் தண்ணி குடிக்கிறதில்லக்கா," என்றார் அண்ணன். "கல்யாண வீட்டுக்குப் போனாலும் இவதான் தூக்குச்சட்டியில குடுத்துவிடணும். ரெண்டு வேளையும் இவ கைச் சோறுதான். உலகத்துல வேற யாரை நம்ப முடியுது, சொல்லுங்க?"

வகுப்புக்கு அவள் திரும்ப வரவேண்டும் என்று ஆரம்பித்தேன். "அதெல்லாம் செரிப்படாது," என்று சிரித்தபடியே வெட்டிவிட்டார். "அன்னைக்கு ஒரு வரன் கூட வந்துச்சு. பாளையங்கோட்டைக்காரப் பையன், நல்ல எடம், இவ சீக்கு விஷயம் தெரிஞ்சும் சம்மதம்னான். நாந்தான் வேண்டாம்னு சொல்லி அனுப்பிட்டேன். இவ போயிட்டா நான் யாரை நம்பி வாய் வைப்பேன்?"

"அவகிட்டக் கேட்டீங்களா?" என்றேன்.

"இவகிட்டக் கேக்கணுமாக்கும்?" என்றார் அவர், நிஜமாகவே புரியாமல். "எனக்குன்னா இவ மாட்டேன்னு சொல்லுவாளா?"

எங்கள் இருவருக்கும் இலையில் சோறு வைத்துவிட்டு, அவள் இரண்டு ரசப் பாத்திரங்களோடு வெளியே வந்தாள். சின்னதை அண்ணன் பக்கத்தில் வைத்து, "ரசம் ஊத்தட்டுமா அண்ணே?" என்றாள். "ஊத்து," என்றார் அவர். ஊற்றினாள். அவர் பிசைந்து, உறிஞ்சிச் சாப்பிட்டார்.

பிறகு பெரிய பாத்திரத்தோடு என் பக்கம் வந்தாள். "அக்கா, உங்களுக்கு?" என்று கேட்டாள்.

அது வேறு பாத்திரம் என்று எனக்குத் தெரியும். அவள் யார் என்பதும் தெரியும், அந்த ஊரில் என்னைவிட அதைத் தெரிந்தவர்கள் கிடையாது. ஆனாலும் சரி என்ற சொல் என் வாயிலிருந்து வருவதற்குள் என் கண், நான் அனுப்பாமலேயே, அந்தக் கரண்டிக்குள் ஒரு தடவை போய்விட்டு வந்தது.

அவள் அதைப் பார்த்துவிட்டாள். கோபப்படவில்லை. பாத்திரத்தைக் கீழே வைத்து, கரண்டியைக் காம்புப் பக்கமாக என்னிடம் நீட்டினாள். அவள் உள்ளே போன பிறகு நானே ஊற்றிக்கொண்டேன்.